மலை ஏறாத வருடம்

1

ஊருக்குப் போனால், திருவனந்தபுரத்து ஆரியசாலையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், அங்கே பனியில் சறுக்கி விளையாடுவீர்களாமே என்று. நான் சிரித்து மழுப்பிவிடுவேன். கனடாவில் கால்கரி நகரத்துக்கு நாங்கள் குடிவந்து பத்தொன்பது வருடமாகிறது. இத்தனை வருடத்தில் பனியோடு எனக்கு இருக்கும் பழக்கமெல்லாம், அதை வாசலிலிருந்து வாரி ஓரத்தில் கொட்டுவதுதான். வாராமல் விட்டால் நகராட்சியிலிருந்து கடிதம் வரும். விளையாட்டெல்லாம் பனியை வாரத் தேவையில்லாதவர்களுக்கு.

அதனால் இந்தக் குளிர்காலத்தில் என் மகன் அபி, சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே, நாமும் ஒரு தடவை மலைக்குச் சறுக்கப் போகலாமா என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அபிக்குப் பதினேழு வயது. பள்ளியில் கடைசி வருடம். வருகிற செப்டம்பரில் நான்கு மணி நேர விமானப் பயணத் தூரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. அவன் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கதவுக்கு இந்தப் பக்கம் எங்களிடம் அவன் பேசும் தமிழ் பத்து வார்த்தைக்குள் அடங்கிவிடும்: பசிக்குது, வேண்டாம், வரேன், சரி.

பிப்ரவரி மாதம் இங்கே குடும்ப தினம் என்றே ஒரு விடுமுறை உண்டு. அதோடு சேர்த்துப் பள்ளிக்கு நான்கைந்து நாள் கிடைக்கும். மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் இருக்கிறது, ஒரே ஒரு கடைத்தெரு, நாலு மணி நேரம் வண்டி ஓட்டினால் போதும் என்றான். அடுத்த வருடம் நான் இங்கே இருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னான், ஏதோ பேருந்து நேரம் சொல்வதுபோல. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் தேதியைப் பார்த்தேன். என் அப்பா இறந்து ஒரு வருடம் அதற்குள் முடிந்துவிடும். போகலாம் என்றேன்.

2

ஏற்பாடு என்று இறங்கினால் நான் சும்மா இருக்கிறவள் இல்லை. மூன்று பேருக்கு ஒரு மரவீடு பார்த்தோம். மலைப்பாதையில் போகும் வண்டிக்குக் குளிர்கால டயர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம், அதைச் சரிபார்த்தோம். சறுக்குப் பலகை வாடகைக்குத் தருகிறவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். உயரம், எடை, செருப்பு அளவு எல்லாம் கேட்டுவிட்டு, நீங்கள் எப்படிச் சறுக்குகிறவர் என்று மூன்று கட்டங்கள்: எச்சரிக்கையானவர், நடுத்தரமானவர், துணிச்சல்காரர். இவர் எனக்கு எச்சரிக்கைக்கும் முன்னால் ஒரு கட்டம் வரையச் சொன்னார். கடைசியில் ஒரு பத்தி. இதில் உயிருக்கும் ஆபத்து நேரலாம் என்பதை நான் அறிவேன், யார்மீதும் குறை சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். சந்தோஷமாக இருக்கப் போவதற்கு இங்கே இத்தனை கையெழுத்து.

உடுப்பு வாங்கப் போன இடத்தில் அபி என்னைக் கேலி செய்தான். ஆளுக்கு மூன்று ஜோடிக் கையுறை எடுத்திருந்தேன். நான் யார் பெண் என்று அவனுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு ஆரியசாலையில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்கு வருடத்துக்கு இரண்டு தடவை அவர் கடையிலிருந்து சரக்கு ஏறும். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை என்னையும் தம்பி மணியையும் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டார். எங்கள் குடும்பம் போன ஒரே மலைப்பயணம் அதுதான். அதற்கு முந்தின வாரம் முழுக்க அப்பா தயாரிப்பில் இருந்தார். சாலைக் கடைத்தெருவில் ஆளுக்கொரு மப்ளர், தனக்கு ஒரு குரங்குக் குல்லா. மலையடிவாரத்து விதுரை தாண்டியதும் எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மேலே போய் இறங்கினால் பளீரென்று வெயில். தோட்டத்து ஆட்கள் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லோரும் தமிழ் ஆட்கள். அண்ணாச்சி, எங்க பனி பெய்யுதுன்னு இந்த வேஷம் என்று ஒருவர் கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பா குல்லாவைக் கழற்றவில்லை. குளிர் வந்த பிறகு தேடினால் கிடைக்குமா என்று சொல்லி, கீழே வந்து சேரும்வரை வியர்க்க வியர்க்க அதோடேயே இருந்தார்.

கையுறைகளை நான் திருப்பி வைக்கவில்லை.

3

அப்பா போன வருடம் மாசியில் இறந்தார். எழுபத்தாறு வயது. அம்மா நான் கல்லூரியில் இருக்கும்போதே போய்விட்டதால், கடைசிவரை அப்பா மணியோடுதான் இருந்தார்.

அந்தச் செய்தி வந்தபோது என் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அப்படி இருந்தது பன்னிரண்டு நாள்தான், அந்தப் பன்னிரண்டு நாளில்தான் அப்பா போனார். கனடியக் குடியுரிமை வாங்கியிருந்தேன். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று. புதியது தபாலில் வந்துகொண்டிருந்தது. அது வந்த பிறகுதான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் விதிப்படி நடந்தார்கள், மரியாதையாகவும் பேசினார்கள்.

மணி கேட்டான், உனக்காக வைத்திருக்கட்டுமா அக்கா என்று. எத்தனை நாள் என்று எனக்கே தெரியாதபோது என்னவென்று சொல்வது. வேண்டாம் என்றேன். மணியின் மகள் மாளவிகா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தைக்காட்டு மின்மயானத்தில் அப்பாவை உள்ளே கொண்டுபோகும்போது படம் உறைந்து நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது கதவு மூடியிருந்தது.

பாஸ்போர்ட் வந்து விசாவுக்கு விண்ணப்பித்தபோது பயணத்தின் நோக்கம் என்ன என்று படிவம் கேட்டது. கொடுத்திருந்த விடைகளில் எனக்குப் பொருந்துவது எதுவும் இல்லை. கடைசியில் சுற்றுலா என்று குறித்தேன். ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவள், அப்பா செத்த வீட்டுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போனேன். அதுவும் பதினாறு முடிந்து பதினெட்டாம் நாள். பந்தலைப் பிரித்து நாற்காலிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மணியின் மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. துக்கம் கேட்க யாரும் வரவில்லை, வர வேண்டியவர்கள் எல்லாம் வந்து போய்விட்டார்கள்.

திரும்பி வந்ததும் நான் ஒரு முடிவு எடுத்தேன். ஒரு வருடம் முழுக்கத் துக்கம் காப்பது என்று. நம் வீடுகளில் தெரிந்ததுதான். சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, நல்ல காரியம் கிடையாது, மலை ஏறக் கூடாது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கூடச் சாவு நேர்ந்தால் கழற்றிவிடுவார். மலை என்றால் கோயில் இருக்கும் மலைதானே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் மலை என்றால் மலை.

இவர் நாகர்கோவில்காரர், சாத்திரத்தில் என்னைவிட ஒரு பிடி கூடுதல். "கெட்டிக் குடுத்த பிள்ளைக்கு மூணு நாளுதான் தீட்டு, பாத்துக்க. வருசமெல்லாம் உன் தம்பிக்குத்தான்," என்றார்.

"அந்த மூணு நாளும் நான் இங்க தபால்பெட்டியத் தொறந்து தொறந்து பாத்துட்டு நின்னேன்," என்றேன். "எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். ஒரு வருஷம் வேணும்."

கொலு வைக்கவில்லை. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. கார்த்திகையில் அபிக்குப் பிறந்தநாள் வந்தது, கேக் வெட்ட வேண்டாம் என்றேன். சரி என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே மாலையாக இருக்கும், மணியைக் கூப்பிட்டு இந்த வாரம் எதை விட்டோம், எதைச் செய்யவில்லை என்று வரிசையாகச் சொல்வேன். அவன் உம் கொட்டிக் கேட்பான். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மகளாகச் செய்ய வேண்டியதில் மிச்சமிருந்தது எனக்கு அது ஒன்றுதான்.

4

மரவீட்டுக்குச் சொல்லிவைத்து இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. நான் வருடத்தை எண்ணியது ஆங்கிலத் தேதியை வைத்து. ஆபீஸ், பள்ளி, பல் டாக்டர் எல்லாம் அந்தத் தேதியில் நடப்பதால் அப்பாவையும் அதில் சேர்த்துவிட்டிருக்கிறேன். இறந்தவர்களுக்கு நம் பக்கத்தில் மாதமும் நட்சத்திரமும்தானே. அப்பா போனது கும்ப மாதப் பிறப்பை, அதாவது மாசிப் பிறப்பை ஒட்டி, அனுஷத்தில்.

கைப்பேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்தேன். எந்த ஊர் என்று கேட்டது. கால்கரி என்று போட்டால் ஒரு நாள் காட்டியது, திருவனந்தபுரம் என்று போட்டால் இன்னொரு நாள். எந்த ஊரைப் போட்டாலும் இந்த வருடம் கும்பத்தில் அனுஷம் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளித்தான் வந்தது. பயணம் அதற்கு முன்னால். ஆங்கிலத் தேதிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் சரியாகப் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

நாலைந்து நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். அபி அந்த நாட்களில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பேசினான். மலையின் வரைபடத்தைக் கொண்டுவந்து, எங்களுக்கு எந்தச் சரிவு, அவனுக்கு எது என்று காட்டினான். நாங்கள் விழுந்து எழுந்துகொள்ளவே ஒரு சின்னச் சரிவு இருப்பதாகச் சொன்னான். அவன் விரல் அந்தப் படத்தில் போகும் இடமெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, நட்சத்திரப்படி வருடம் முடியவில்லை, போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் கிண்டல் செய்வார். "இப்ப நாம இருக்க கால்கரியே கடல் மட்டத்துலேந்து ஆயிரம் மீட்டர். நம்மூர் பொன்முடி மலை ஒசரம். ஒரு வருசமா மலை மேல ஏறி உக்காந்துகிட்டுத்தான் நீ மலை ஏற மாட்டேங்கே," என்றார். அது உண்மைதான். அதனால் எனக்குக் கோபம் அதிகமானது. பிறகு அவரே தணிந்து, நீ அடிவாரத்தில் இரு, நாங்கள் மட்டும் மேலே போகிறோம் என்றார். அந்த ஊரே மலைமேல்தானே இருக்கிறது என்றேன்.

நான் அபியோடு சண்டைக்குத் தயாராக இருந்தேன். கத்துவான், கதவை அறைவான், இதெல்லாம் முட்டாள்தனம் என்பான். பதில்களைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, அம்மா," என்றான். கைப்பேசியை எடுத்து, வீட்டை ரத்துசெய்யவா என்று அவன் அப்பாவிடம் கேட்டு, அங்கேயே ரத்துசெய்தான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். வரைபடத்தை மடித்துக்கொண்டு மேலே போய்விட்டான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சரி என்னை அறைந்த மாதிரி இருந்தது. வேண்டும் என்று நினைப்பவன் சண்டை போடுவான். இந்த வீட்டில் அவன் ஒரு விருந்தாளி, போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் செப்டம்பர் வரை நாள் எண்ணுகிறான், தாத்தாவும் வருடமும் மலையும் அவனுக்கு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. இவரிடமும் அப்படியே சொன்னேன். நீ அவனை ஜெயிச்சிட்டு, அவன் தோத்தவிதம் சரியில்லன்னு சொல்லுதே என்றார்.

5

அடுத்த ஞாயிறு மணியைக் கூப்பிட்டேன். வருடம் முடிகிற அன்று இங்கே நான் என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டியிருந்தது. எள்ளும் பச்சரிசியும் கிடைக்கும், ஆனால் எங்கள் ஊர் ஆறு உறைந்து கிடக்கிறது. பிண்டத்தை எங்கே கரைப்பது. அங்கே நீ செய்கிற நேரத்துக்குச் சரியாக நானும் இங்கே ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். பயணத்தை நிறுத்திய கதையையும் சொன்னேன்.

மணி உம் கொட்டவில்லை.

"அக்கா, ஒரு காரியம் சொல்லட்டா. நீ விஷமிக்கக் கூடாது, மனசிலே வருத்தம் வைக்கக் கூடாது," என்றான். "வருஷம் நாங்க அப்பவே கழிச்சாச்சு. ஆறாம் மாசத்திலே."

எனக்குப் புரியவில்லை.

"கழக்கூட்டத்து ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சணும்லா, அதுக்கு வேண்டித்தான். துக்கத்தோட புது வீட்டுக்குக் கேறக் கூடாதில்லையா. வருஷச் சடங்கை முன்கூட்டிச் செய்யலாம், தோஷமில்லைன்னு வாத்தியார் சொன்னார். திருவல்லத்துக் கோயில்லே போய்ச் செஞ்சோம்."

ஆவணியில் அவன் வாங்கிய ஃபிளாட்டுக்குக் குடிபோனது எனக்குத் தெரியும். சும்மா சாமானை மாற்றினோம் அக்கா, வேறொன்றும் இல்லை என்று அப்போது சொன்னான். ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன்.

"நீ அவ்வளவு கண்டிப்பா இருக்கும்போ நான் எப்படிச் சொல்லுவேன். ஓரோ ஞாயிறும் சொல்லணும் சொல்லணும்னு நினைப்பேன். நீ கொலு வைக்கலைன்னு சொல்லும்போ, எங்க வீட்டிலே கொலு இருந்தது, அக்கா."

நான் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

சாத்திரப்படி இந்தத் துக்க வருடம் அவனுடையது. அப்பாவைக் குளிப்பாட்டியவன் அவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவன் அவன், கொள்ளி போட்டவன் அவன். அதை எப்போது முடிக்க வேண்டும் என்று சொல்ல என்னைவிட அவனுக்குத்தான் உரிமை. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் வலித்தது. கடலுக்கு அப்பால் ஒரு வீடு விளக்கில்லாமல் என்னோடு சேர்ந்து துக்கம் காக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் அத்தனை நாளையும் தள்ளினேன். அங்கே ஆறு மாதமாக எல்லாம் நடந்துகொண்டிருந்தது. பூமியில் அப்பாவுக்காக மலை ஏறாமல் இருந்தது நான் ஒருத்திதான், அதுவும் எனக்கு விதிக்கப்படாத விரதத்துக்காக.

அதைவிடப் பெரிய வலி அன்று மத்தியானம்தான் வந்தது. அபியின் பயணத்தை எதற்காகப் பிடுங்கினேன்?

6

இரண்டு நாள் அபியிடம் சொல்லவில்லை. அதற்குள் அந்த மரவீட்டை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் அந்த வாரத்துக்கு வேறு எங்கே கேட்டாலும் இடமில்லை. ஒரு மணி நேரம் தள்ளியிருந்த ஒரு விடுதியில் ஓர் அறை இருந்தது. அதற்கு மாலை வரை அவகாசம் வாங்கிவைத்தேன். இவர், நீயே சொல்லு, என்னைச் சொல்லச் சொல்லாதே என்றார்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அபி என்னைக் காய்கறிக் கடைக்குக் கூட்டிப்போனான். புதிதாக லைசென்ஸ் வாங்கியவன், எங்கே போக வேண்டும் என்றாலும் அவன்தான் ஓட்டுவான். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் இறங்க வேண்டாம் என்றேன். வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. சூடு வருவதற்காக எஞ்சினை ஓடவிட்டான்.

தமிழில் தொடங்கினேன், பாதியில் ஆங்கிலத்துக்குப் போனேன், திரும்பவும் தமிழுக்கு வந்தேன். மாமா வீட்டில் ஆறாம் மாதமே வருடத்தை முடித்துவிட்டார்கள், எனக்குத் தெரியாது, உன்னுடைய பயணத்தை நான் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லாத காரியம். ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன், நானும் வருகிறேன், மேலேயும் ஏறுகிறேன் என்றேன்.

அவன் ஸ்டியரிங்கில் கை வைத்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்," என்றான்.

எது தெரியும் என்று கேட்டேன்.

ஆவணியிலேயே தெரியும் என்றான். அன்றைக்கே மாளவிகா அவனுக்குப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். பால் பொங்குவது, மாமா பட்டு வேட்டியில் நிற்பது, பந்தி. உன் அம்மாவிடம் சொல்லாதே, என் அப்பாவே சொல்வார் என்று அவள் எழுதியிருக்கிறாள். மாமா சொல்வார் என்று இவன் காத்திருந்திருக்கிறான். தீபாவளி வந்தது, சொல்லவில்லை. அவன் பிறந்தநாள் வந்தது. கேக் வேண்டாம் என்று நான் சொன்னபோது அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிப்ரவரியில் என்னுடைய வருடமும் முடிந்துவிடும் என்று ஆங்கிலத் தேதியை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பயணத்துக்கே கேட்டிருக்கிறான். அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பயணம் என்றான். இதையெல்லாம் ஆங்கிலத்தில்தான் சொன்னான்.

பிறகு ஏன், நான் நட்சத்திரம் என்று சொன்னபோது வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ ஜெயித்திருப்பாயே.

அவன் இதற்குத் தமிழில் பதில் சொன்னான். வார்த்தைகளைத் தேடித் தேடி, எனக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

"நீ தாத்தாவப் பாக்கப் போகல. உனக்கு இது வேணும்னு தோணிச்சு. சொன்னா, உன்கிட்ட ஒண்ணும் இருக்காது."

அறையை என்ன செய்வது என்று கேட்டேன், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

"வேண்டாம். இன்னும் எத்தன நாள் இருக்கு?"

"இருபத்தொண்ணு."

"பனி ஏப்ரல் வரைக்கும் இருக்கும், அம்மா. மொதல்ல இத முடிக்கலாம்."

அப்பா செத்தபோது நான் அழவில்லை. தபால்பெட்டி, படிவம், விமானச்சீட்டு என்று ஒன்று மாற்றி ஒன்று இருந்தது. ஊருக்குப் போனபோது அழுவதற்கு ஆளில்லாத வீடாக இருந்தது. காய்கறிக் கடை வாசலில், வண்டிகள் வந்து போகும் இடத்தில், கோட்டோடும் கையுறையோடும் உட்கார்ந்து அன்றுதான் அழுதேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போயிற்று. எனக்குக் குளிரக் கூடாது என்று நான் அழுது முடிக்கும்வரை அபி எஞ்சினை அணைக்கவில்லை.